பாய்ந்து செல்லும் காருக்கு எந்த டயர்?

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. கார் பந்தயத்துக்குப் பேர் போன ஊர் அது.

2005-ம் ஆண்டு ஜுன் மாதம் 19-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே "பார்முலா-1" கார் பந்தயம். பெருங்கூட்டம் திரண்டு வந்திருந்தது.

20 கார்கள் வரிசையாகப் புறப்பட்டன. பந்தயம் தொடங்குவதற்கு முன்பு மெதுவாக ஒரு சுற்று சுற்றி வருவது வழக்கம். அப்படியே சுற்றின. இனி அவரவர் கோட்டில் போய் நிற்க வேண்டும். விளக்கு அணைந்ததும் பாய வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்த நேரத்தில், 14 கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பாதையை விட்டு விலகின. நேரே தங்கள் கொட்டகைக்குள் போய் நின்றுவிட்டன!

கோட்டில் வந்து நின்றவை 6 கார்கள் மட்டுமே. அந்த 6 கார்களை வைத்துக்கொண்டே பந்தயத்தை நடத்தினார்கள். கூட்டம் கூச்சல் போட்டது. பாட்டில்கள் பறந்தன. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கோபம் வராதா?

14 கார்கள் ஏன் ஓடவில்லை? என்ஜின் கெட்டுவிட்டதா? இல்லை. ஓட்டுபவர்களுக்குள் சண்டையா? அதுவும் இல்லை.

டயர்! டயர்தான் காரணம்.

13-வது வளைவு

அந்த வருடம் பந்தயக் கார்களுக்கு இரண்டு கம்பெனிகள் டயர் கொடுத்தன. ஒன்று பிரான்சு நாட்டு "மிஷ்லின்". இன்னொன்று ஜப்பான் நாட்டு "பிரிட்ஜ்ஸ்டோன்". 14 கார்களில் மிஷ்லின் டயர். 6 கார்களில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, ஒத்திகை ஓட்டம் நடந்தது. ரால்ப் ஷூமாக்கர் என்ற வீரரின் கார், 13-வது வளைவில் சுவரில் போய் மோதியது. இடப்பக்கத்துப் பின் டயர் கெட்டுப்போனதுதான் காரணம்.

அந்த வளைவு சாய்வானது. வேகத்தைக் குறைக்காமலே வலப்பக்கம் திரும்பிப் போகலாம். அப்படித் திரும்பும்போது காரின் பாரம் முழுவதும் இடப்பக்கத்து டயர்கள் மீது போய் அழுந்தும். ஒவ்வொரு சுற்றிலும் அழுந்தும். இப்படி 73 சுற்று!

"பந்தயம் முடியும் வரை எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது" என்று மிஷ்லின் கம்பெனி கைவிரித்து விட்டது. வளைவுக்கு முன்னால் தடை வைத்து வேகத்தைக் குறைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார்கள். பந்தயத்தை நடத்துகிறவர்கள் சம்மதிக்கவில்லை. முடியாதவர்கள் அந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போகட்டும் என்றார்கள். பேச்சு முறிந்தது. 14 கார்களும் விலகிக்கொண்டன.

பிற்பாடு, டிக்கெட் வாங்கியவர்களுக்கு மிஷ்லின் கம்பெனியே பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. அடுத்த வருடப் பந்தயத்துக்கு 20 ஆயிரம் டிக்கெட்டும் வாங்கிக் கொடுத்தது.

மிச்சம் ஓடிய 6 கார்களில் ஒன்றை ஓட்டியவர் யார் தெரியுமா? நம்முடைய கோவை வீரர் நாராயண் கார்த்திகேயன்! அன்று அவர் 4-வது இடத்தைப் பிடித்தார். 5 புள்ளிகள் கிடைத்தன. பார்முலா-1 பந்தயத்தில் புள்ளி வாங்கிய முதல் இந்தியர் அவரே. மற்றவர்கள் ஓடாததால் வந்த அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். பந்தயம் முடியும் வரை சுவரில் மோதாமல் ஓட்டியவர் அவர் அல்லவா?

கோடிக்கணக்கில் பணம் கொட்டும் கம்பெனிகளுக்கே டயர் விஷயத்தில் இந்தச் சங்கடம் என்றால், வீட்டுக்குக் கார் வாங்குகிறவர் என்ன செய்வார்?

50 குதிரையும் 500 குதிரையும்

முன்பெல்லாம் நம் ஊர் வீதிகளில் அம்பாசிடர் கார் ஓடியது. அந்தப் பழைய காரின் என்ஜினுக்குச் சுமார் 50 குதிரைச் சக்தி. எந்த டயர் போட்டாலும் அது பாட்டுக்கு உருண்டு போகும்.

இப்போது நிலைமை அப்படி இல்லை. 300 குதிரை, 400 குதிரை, 500 குதிரைச் சக்தி உள்ள கார்கள் சாதாரண சாலையிலேயே ஓடுகின்றன. காலை அழுத்தினால், நின்ற இடத்தில் இருந்து 4 அல்லது 5 விநாடிக்குள் 100 கிலோ மீட்டர் வேகம்!

இப்படிப்பட்ட காரை வாங்குகிறவர்கள் என்ஜினைப் பற்றி விசாரிக்கிறார்கள். நிறத்தைப் பற்றி வீட்டில் பெரிய விவாதமே நடக்கிறது. டயர் தேய்ந்து, புது டயர் வாங்கும் நாள் வந்தால் மட்டும், "எது மலிவோ அதைப் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அது எவ்வளவு ஆபத்து என்று புரிய வேண்டுமானால், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தபால் கார்டு அளவு

ஒரு காரின் எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம். ஒரு சக்கரத்தின் மீது 400 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்று, ஒவ்வொரு சதுர சென்டி மீட்டரிலும் சுமார் 2.3 கிலோ பாரத்தைத் தாங்குகிறது. 400-ஐ 2.3-ஆல் வகுத்தால் என்ன வருகிறது? ஏறக்குறைய 174 சதுர சென்டி மீட்டர்.

அதாவது, தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கும் ரப்பர், ஒரு தபால் கார்டைவிடச் சற்றுப் பெரியது. அவ்வளவே!

இப்படி நாலு தபால் கார்டு ரப்பர்தான், அந்த 500 குதிரைகளையும் தரையோடு பிடித்துவைக்கிறது. ஓடுவதும் அதனால்தான். திரும்புவதும் அதனால்தான். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் கார் நிற்பதும் அதனால்தான்.

பிரேக் நல்ல பிரேக்காக இருக்கலாம். பிரேக் செய்வது சக்கரத்தை நிறுத்துவது மட்டுமே. காரை நிறுத்துவது டயர். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் போட்ட பிறகு கார் ஓடும் தூரம் நாலு மடங்கு ஆகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

வெள்ளை டயர்!

டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரியவர்களில் பலருக்குப் பதில் தெரியாது.

ரப்பர் மரத்தில் இருந்து வடியும் பால் வெள்ளை. ஆரம்ப கால டயர்களும் வெளுப்பாகவே இருந்தன. கரித்தூள் கலந்தால் ரப்பர் சீக்கிரம் தேயாது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். 1910-க்குப் பிறகு டயர் கறுப்பாகிவிட்டது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. வெறும் ரப்பர், வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து உடையும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று 1839-ம் ஆண்டில் கண்டார். அதற்காகவே பாடுபட்டுக் கடனாளியாகி, கடனோடு இறந்தும் போனார். இன்று அவர் பேரில் இருக்கும் பெரிய கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, வேறு ஒருவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்.

இப்போது கரித்தூளோடு சிலிக்கா என்ற பொருளையும் கலக்கிறார்கள். மணலில் இருப்பதும் அதே இனம்தான். ஈரமான சாலையில் டயர் நன்றாகப் பிடிப்பதற்கு இது உதவுகிறது.

மெத்தென்ற ரப்பரும் கெட்டி ரப்பரும்

பள்ளிக்கூடப் பையனின் பெட்டியில் இருக்கும் அழிப்பான் ரப்பரைப் பாருங்கள். மெத்தென்று இருக்கும் ரப்பர் நன்றாக அழிக்கும். ஆனால் துகள் துகளாக உதிர்ந்து, சீக்கிரம் கரைந்துவிடும். கெட்டியான ரப்பர் வருடக்கணக்கில் இருக்கும். அது அழிக்கும் லட்சணம் எல்லோருக்கும் தெரியும்!

டயரும் அப்படித்தான். மெத்தென்ற டயர் சாலையை இறுகப் பிடிக்கும். சீக்கிரம் தேய்ந்துவிடும். கெட்டியான டயர் பல ஆயிரம் மைல் உழைக்கும். பிடிப்பு குறைவு.

பிடிப்பும் வேண்டும், நீண்ட உழைப்பும் வேண்டும், சத்தமும் கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு டயர் உலகத்தில் இல்லை. எதை விட்டுக்கொடுப்பது என்று வாங்குகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள ஓர் எண் உதவும். அமெரிக்காவில் விற்கும் டயர்களின் பக்கவாட்டில், தேய்மான எண் அச்சாகி இருக்கும். 100 என்பது ஓர் அளவுகோல் டயர். 200 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு உழைக்கும் என்று கணக்கு. வேகக் கார்களுக்கு ஆகும் நல்ல டயர்களில் 240, 300, 340 என்று இருக்கும். சாதுவான குடும்பக் கார் டயர்களில் 500, 600 கூட இருக்கும். 200-ம் அதற்குக் கீழும் என்றால் பந்தயப் பாதைக்குப் போகிறவர்கள் தேடும் டயர்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பரீட்சையை நடத்துவதும், மார்க் போடுவதும் டயர் கம்பெனிகளே. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண் நன்றாக உதவும். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாந்து போகலாம்.

டயரின் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் என்னென்னவோ எழுத்தும் எண்ணும் இருக்கும். பார்த்தால் ஜாதகக் கட்டம் மாதிரி தோன்றும். படிக்கக் கற்றுக்கொள்வது சுலபம்.

ஓர் உதாரணம்: 245/40 ஆர் 18 97 ஒய்.

245 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு. 40 என்றால், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு. அதாவது 98 மில்லி மீட்டர். "ஆர்" என்பது ரேடியல் டயர். உள்ளே இருக்கும் இழைகள் குறுக்காக, ஓர் ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும். 1946-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் உரிமை பதிவான முறை இது. 18 என்பது சக்கரத்தின் இரும்பு வளையத்து அளவு. இது மட்டும் அங்குலக் கணக்கு. ஒரே வரியில் மில்லி மீட்டரும் அங்குலமும் கலந்து கிடப்பது வேடிக்கைதான். ஆனால் உலகம் முழுவதும் இதுவே வழக்கமாகிவிட்டது.

97 என்பது பார எண். ஒரு டயர் 730 கிலோவைத் தாங்கும் என்று அர்த்தம்.

கடைசியில் இருக்கும் எழுத்து வேக எழுத்து. "எச்" என்றால் மணிக்கு 210 கிலோ மீட்டர் வரை தாங்கும். "வி" என்றால் 240. "டபிள்யூ" என்றால் 270. "ஒய்" என்றால் 300.

"நம் ஊரில் யார் ஐயா 300 கிலோ மீட்டர் வேகத்தில் போகப்போகிறார்கள்? எச் போதாதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்லவில்லை. வேகமாகச் சுழலும் டயர் சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்கும்படி உள்ளே கட்டி இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. சக்தி மிகுந்த கார், வளைவில் திரும்பும்போதும், திடீரென்று பிரேக் போடும்போதும் டயரைப் பிழிந்து எடுக்கும். கார் கம்பெனி எந்த எழுத்தைச் சொல்லி இருக்கிறதோ, அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பார எண்ணும் அப்படியே.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பார எண்ணை இரண்டு முறை பார்க்க வேண்டும். பாட்டரியின் எடையால் அந்தக் கார்கள் கனமானவை. காலை வைத்த உடனே முழுச் சக்தியும் சக்கரத்துக்கு வந்துவிடுவதால், டயரும் வேகமாகத் தேய்கிறது.

அகலமான டயர் அழகா?

பெரிய சக்கரம், அகலமான டயர், மெல்லிய பக்கச் சுவர். வாலிபர்களுக்கு இதில் மோகம் அதிகம். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். வளைவில் கார் ஆடாமல் திரும்பும் என்பதும் உண்மை.

ஆனால் அளவை மாற்றும்போது மொத்த உயரம் மாறக்கூடாது. 205/55 ஆர் 16 டயரைக் கழற்றிவிட்டு 225/45 ஆர் 17 போடலாம். முதல் டயரின் உயரம் சுமார் 632 மில்லி மீட்டர். இரண்டாவது 634. ஏறக்குறைய ஒன்றுதான். வேறு ஏதாவது அளவைக் கண்டபடி போட்டால், வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். திருப்பும்போது டயர் உடம்பில் உரசும்.

இன்னொன்று, நம் ஊர்ச் சாலை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எத்தனை பள்ளங்கள் என்று எண்ணிப் பாருங்கள். மெல்லிய பக்கச் சுவர் உள்ள டயர், பள்ளத்தின் விளிம்பில் மோதினால், உள்ளே இழை அறுந்து, பக்கவாட்டில் கொழுக்கட்டை போல வீங்கிவிடும். இரும்பு வளையமும் வளைந்து போகலாம். தரையில் படும் பகுதியில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவர் கெட்டால் ஒட்டுப் போட வழி இல்லை. அந்த டயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆகவே ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கு, கம்பெனி கொடுத்த அளவே போதும். பார்வைக்காக மாற்றுவது வீண் செலவு.

கோடை டயர், குளிர் டயர்

வேகக் கார்களுக்கு என்று செய்யும் டயர்களை வெளிநாட்டில் "கோடை டயர்" என்கிறார்கள். சூடான சாலையிலும், மழை ஈரத்திலும் இவை பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் வெப்பம் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் ரப்பர் விறைக்கத் தொடங்கிவிடும். பனியில் இந்த டயரோடு போவது, வழுக்குப் பாறையில் எண்ணெய்க் காலோடு நடப்பது போல.

கனடாவில் நம் தமிழர்கள் ஏராளமாக இருக்கிறார்கள் அல்லவா? அவர்களைக் கேட்டால் தெரியும். மாண்ட்ரியல் நகரம் உள்ள கியூபெக் மாநிலத்தில், டிசம்பர் 1-ந் தேதி முதல் மார்ச் 15-ந் தேதி வரை, பனிக்கால டயர் போட்டே தீர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு காருக்கு இரண்டு ஜோடித் துணி மாதிரி இரண்டு வகை டயர்! ஒரு வகை சக்கரத்தில், இன்னொரு வகை கொட்டகையில்.

சென்னையிலும் மதுரையிலும் இந்தத் தொல்லை இல்லை. வருடம் முழுவதும் கோடை டயரே ஓடலாம். ஊட்டியில் உறைபனி விழும் சில அதிகாலைகளில் மட்டும் நிதானமாக ஓட்டினால் சரி.

நமக்குத் தொல்லை பனி அல்ல, மழை.

கார் படகாகும் நேரம்

புது டயரின் மேல் இருக்கும் பள்ளக் கோடுகளுக்குச் சுமார் 8 மில்லி மீட்டர் ஆழம். அவை அழகுக்குப் போட்ட கோலம் அல்ல. சாலையில் நிற்கும் தண்ணீரை அள்ளிப் பக்கவாட்டில் வெளியேற்றும் கால்வாய்கள்.

டயர் தேயத் தேயக் கால்வாய் ஆழம் குறைகிறது. அப்போது வேகமாகப் போனால், தண்ணீர் வெளியேற நேரம் இல்லாமல், டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். கார் மிதக்கும்! திருப்பினால் திரும்பாது. பிரேக் போட்டால் நிற்காது. அகலமான டயருக்கு இந்த ஆபத்து அதிகம். அதிகத் தண்ணீரை அல்லவா அது ஒதுக்க வேண்டும்? அப்படி மிதக்கும்போது பதறி பிரேக்கை மிதிக்கக் கூடாது. காலை மெதுவாக எடுத்து, சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டால், வேகம் குறைந்து டயர் மீண்டும் தரையைத் தொடும்.

1.6 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரை ஐரோப்பிய நாடுகளில் சட்டம் அனுமதிப்பது இல்லை. கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். வேகக் கார் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்காமல், 3 மில்லி மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. மொட்டை டயரோடு மழைக்காலத்தைக் கடப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

டயருக்கும் வயது உண்டு

2013-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். 600-க்கு மேல் குதிரைச் சக்தி உள்ள ஒரு போர்ஷே கார், கம்பத்திலும் மரத்திலும் மோதித் தீப்பிடித்தது. காரை ஓட்டியவரும், பக்கத்தில் உட்கார்ந்து இருந்தவரும் இறந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர், உலகம் அறிந்த நடிகர் பால் வாக்கர். கார்கள் பறக்கும் "பாஸ்ட் அண்ட் பியூரியஸ்" படங்களின் கதாநாயகர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 40.

போலீசார் மாதக்கணக்கில் விசாரித்தார்கள். மணிக்கு 45 மைல் வேகத்தில் போக வேண்டிய சாலையில், கார் 80 மைலுக்கு மேல் போயிருக்கிறது என்று 2014-ம் ஆண்டு அறிவித்தார்கள். வேகமே காரணம் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். அந்தக் காரில் இருந்த டயர்களுக்கு வயது 9! அதனால் கார் கட்டுக்குள் நிற்கும் தன்மை குறைந்து இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

விலை உயர்ந்த காரை அதிகம் ஓட்டாமல், கொட்டகையில் துணி போர்த்தி வைத்திருப்பவர்கள் பலர். டயரில் கோடு ஆழமாகவே இருக்கும். கண்ணுக்குப் புதிது போலத் தோன்றும். ஆனால் காற்றும் வெயிலும் ரப்பரைக் கெட்டியாக்கிக்கொண்டே இருக்கும். ஓடாத டயருக்கும் வயது ஏறுகிறது.

டயரின் பிறந்த தேதியைக் கண்டுபிடிக்கலாம். பக்கச் சுவரில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். கடைக்காரர் புது டயர் என்று எடுத்துக் கொடுக்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்பு இந்த எண்ணைப் பாருங்கள். 5 வருடம் ஆனபின் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும். 10 வருடம் ஆனால், தேயாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். வேகக் காரில் 6 வருடத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால்?

நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருப்பதே சரி. நாலு சக்கரமும் இழுக்கும் காரில் இது கட்டாயம். உயரத்தில் சிறிது வித்தியாசம் இருந்தாலும் உள்ளே பல்சக்கரங்கள் கெட்டுப்போகும்.

பணமுடை காரணமாக இரண்டு மட்டும் வாங்கினால், அந்தப் புது டயர்களை எங்கே போடுவது? "முன்னால்தான்" என்று பலர் சொல்வார்கள். தவறு! நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். காலை எடுத்தால் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுழலும். கைதேர்ந்தவர்களுக்கே அதைப் பிடிப்பது கடினம். சில வேகக் கார்களில் பின் டயர் அகலம், முன் டயர் குறுகல். அங்கே மாற்றிப் போடும் பேச்சே இல்லை.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்தனை பவுண்டு காற்று என்பது, ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், ஓரத்தில் ஒட்டி இருக்கும் சீட்டில் இருக்கும். டயரில் அச்சாகி இருக்கும் எண் அது அல்ல. அது டயர் தாங்கும் உச்ச அளவு. கார் ஓடிச் சூடாவதற்கு முன்பு, காலையில் பார்த்து நிரப்ப வேண்டும். மாதம் ஒரு பவுண்டு தானாகக் குறையும். நைட்ரஜன் அடைக்கலாமா என்று கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதற்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, நல்ல காற்றுமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

புது டயர் மாட்டிய அன்றே பலத்தைக் காட்டக் கூடாது. அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய பூச்சு மேலே மிச்சம் இருக்கும். வழுக்கும். முதல் சில நூறு கிலோ மீட்டர் சாதுவாக ஓட்ட வேண்டும்.

கடைசியாக, "ஸ்டெப்னி". நாம் எல்லோரும் சொல்லும் இந்த வார்த்தை எங்கே இருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. 1904-ம் ஆண்டில் அங்கே இருந்த சகோதரர்கள் இருவர், மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயரே சக்கரத்துக்கு வந்துவிட்டது.

இப்போது வரும் சக்தி வாய்ந்த கார்கள் பலவற்றில் அந்த ஸ்டெப்னியே கிடையாது! சிலவற்றில் ஒல்லியான சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அதோடு 80 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சிலவற்றில் அதுவும் இல்லாமல், பஞ்சரை அடைக்கும் பசைப் பாட்டிலும் கைக்கு அடக்கமான காற்றுப் பம்பும் வைத்திருப்பார்கள். டயர் வாங்கப் போகும் அன்றே, டிக்கியைத் திறந்து எது இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அந்தப் பசைப் பாட்டிலுக்கும் காலாவதித் தேதி போட்டிருக்கும்.